ஆக்ஸிஜன் சென்சார் தூதுவனா, குற்றவாளியா?

பர்கூரிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூர் செல்லும் சாலையில் நாள்தோறும் ஓடும் கார்கள் ஏராளம். ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்வனவும், பர்கூர் ஜவுளிக் கடைகளுக்கு வருவனவும் அவற்றுள் அடங்கும். இக்கார்களில் ஒன்று நிற்கும்போது உதறினாலோ, மேட்டில் திணறினாலோ, செக் என்ஜின் விளக்கு எரிந்தாலோ, பல வேளைகளில் முதலில் பழி சுமப்பது ஆக்ஸிஜன் சென்சார்தான். அதை மாற்றப் பல ஆயிரம் ரூபாய் ஆகலாம். வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்திற்கு அது சிறிய தொகையன்று. ஆகவே, அதன்மீது எப்போது ஐயம் கொள்ளலாம் என்பதைக் காண்போம்.

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. காற்று குறைந்தால் பெட்ரோல் வீணாகும். மிகவும் கூடினால் தீ சரியாகப் பற்றாது. பழைய கார்களில் கார்புரேட்டர் பார்த்த இவ்வேலையை இன்று கம்ப்யூட்டர் பார்க்கிறது. தான் அளந்து தெளித்த பெட்ரோல் சரிதானா என்று அதற்கு அறிவிப்பதே சைலன்சர் குழாயின் முற்பகுதியில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார். 1976இல் பாஷ் நிறுவனம் தயாரித்த இக்கருவி முதன்முதலில் வோல்வோ கார்களில் இடம்பெற்றது. ஈயம் கலந்த பெட்ரோல் இதற்கு நஞ்சு. இந்தியாவில் 2000 பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோலே விற்கப்படுகிறது.

வேதியியல் வகுப்பில் நாம் படிக்கும் செறிவு மின்கலமே இச்சென்சார். சிர்கோனியா என்னும் பீங்கான் சுவரின் ஒருபுறம் வெளிக்காற்று, மறுபுறம் எரிந்த புகை. சுமார் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறியதும், இருபுறமும் உள்ள ஆக்ஸிஜன் வேறுபாட்டிற்கேற்ப மின்னழுத்தம் பிறக்கிறது. புகையில் ஆக்ஸிஜன் குறைந்தால் ஏறக்குறைய 0.9 வோல்ட், மிகுந்தால் 0.1 வோல்ட். நல்ல சென்சாரில் இவ்வளவு மேலும் கீழுமாக மாறிக்கொண்டே இருக்கும். வைட்பேண்ட் எனப்படும் புதுவகைச் சென்சாருக்கு இக்கணக்கு பொருந்தாது.

இங்கேதான் ஒரு சிக்கல் உள்ளது. ஒரு சிலிண்டரில் ஸ்பார்க் பிளக் பொறி தரவில்லை என்று கொள்வோம். அதனுள் சென்ற காற்று எரியாமலே வெளியேறுகிறது. அதைக் கண்ட சென்சார், 'ஆக்ஸிஜன் மிகுதி' என்று உண்மையையே சொல்கிறது. கம்ப்யூட்டரோ பெட்ரோல் போதவில்லை என்று எண்ணி, மேலும் தெளிக்கிறது. மைலேஜ் குறைகிறது, விளக்கு எரிகிறது. ஸ்கேனரை இணைத்தால் பெட்ரோல் குறைவு எனப் பொருள்படும் பி 0171 என்ற குறியீடு வரக்கூடும். உடனே சென்சாரைக் கழற்றுவது, செய்தி கொண்டு வந்த தூதுவனைத் தண்டிப்பது போன்றதாகும்.

என் சித்தப்பாவின் வாடகைக் காருக்கு நேர்ந்ததும் இதுவே. ஒரு பட்டறையில் இக்குறியீட்டைப் பார்த்துச் சென்சாரை மாற்றினர். பல நாள் வருமானம் போயிற்று, உதறல் போகவில்லை. பின்பு கிருஷ்ணகிரியில் வயதான மெக்கானிக் ஒருவர் காரை ஐடிலில் விட்டு, காது கொடுத்துக் கேட்டார். "தம்பி, சென்சார் பொய் சொல்லலப்பா. எங்கியோ காத்து இழுக்குது" என்றார். இன்டேக் மேனிஃபோல்டுக்குச் செல்லும் ரப்பர் ஹோஸ் ஒன்றில் வெடிப்பு இருந்தது. அதை மாற்றியதும் உதறல் நின்றது.

எனவே சோதனைக்கு ஒரு வரிசை வேண்டும். முதலில் உதறல் எப்போது வருகிறது என்று கவனிக்க வேண்டும். ஐடிலில் உதறி, வேகத்தில் சரியானால் காற்றுக் கசிவை ஐயுறலாம். மேடேறும்போது திணறினால் பிளக், இக்னிஷன் காயில், பெட்ரோல் பம்பு ஆகியவற்றைப் பார்க்கலாம். பி 0301 என்பது முதல் சிலிண்டர் மிஸ் ஆவதைக் குறிக்கும். சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள கார்களில், அந்தக் காயிலை இரண்டாம் சிலிண்டருக்கு மாற்றிப் பொருத்தலாம். குறியீடு பி 0302 ஆக மாறினால் குற்றவாளி காயிலே. சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் ஓட்டை உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். அவ்வழியே புகும் வெளிக்காற்றும் சென்சாரை ஏமாற்றும்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் சென்சாரைச் சோதிக்கலாம். என்ஜின் சூடான பின் ஸ்கேனரில் வோல்ட் அளவைப் பார்த்துக்கொண்டே ஆக்சிலேட்டரைச் சட்டென மிதித்தால் அது 0.8க்கு மேல் எழ வேண்டும், விட்டதும் 0.1 அருகே விழ வேண்டும். நடுவிலேயே அசையாமல் நின்றாலோ, மிக மெதுவாக நகர்ந்தாலோ ஐயம் நியாயமானது. பி 0135 என்பது சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டரின் மின்சுற்றைக் குறிக்கும். அப்போதும் ஃபியூஸ், ஒயர், கனெக்டர் மூன்றையும் பார்த்த பின்பே புதியது வாங்க வேண்டும்.

மற்றொரு எச்சரிக்கை. விளக்கு அணையாமல் எரிந்தால் பொதுவாக மெதுவாகப் பட்டறைக்கு ஓட்டிச் செல்லலாம். விட்டுவிட்டு மின்னினால் என்ஜின் கடுமையாக மிஸ் ஆகிறது என்று பொருள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் சென்று எரிந்து அதை உருக்கிவிடலாம். அதன் விலை சென்சாரைவிடப் பன்மடங்கு. ஆகவே காரை உடனே ஓரம் கட்டுவதே நலம்.

ஸ்கேனர் காட்டும் எண் விசாரணையின் தொடக்கமே, தீர்ப்பன்று. பட்டறையில் காரை விடும் நம் வீட்டாரும் நண்பர்களும், "எதைச் சோதித்துவிட்டு இதை மாற்றச் சொல்கிறீர்கள்?" என்று பணிவுடன் ஒரு கேள்வி கேட்டாலே, வீண் செலவு பெரிதும் குறையும்.