நிலாப்பூக் கொடி



மாலை வேளையில் எங்கள் வீட்டுக் கொல்லை வேலியருகே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு அமர்வது என் வழக்கம். அவ்வேலியில் படர்ந்திருக்கும் கொடியில், மடக்கிச் சுருட்டிய குடைகளைப்போல் நீண்ட மொட்டுகள் சில நிற்கும். இருள் கவியத் தொடங்கியதும் ஒரு மொட்டு மெல்ல நடுங்கும். அதன் முறுக்கு நெகிழும். சில நிமிடங்களுக்குள் உள்ளங்கையினும் அகன்ற வெண்மலராக விரிந்துவிடும். மலர் விரிவதைக் கண்ணால் காண இயலாது என்று வகுப்பில் கூறிவந்தவன் நான். என் சொல்லை இக்கொடி பொய்யாக்கிற்று.

இதுவே நிலாப்பூக் கொடி. 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் இதற்கு இட்ட பெயர் ஐபோமியா ஆல்பா. சர்க்கரைவள்ளியும், வள்ளைக்கீரையும், கடற்கரை மணலில் ஓடும் அடம்பும் இதன் நெருங்கிய உறவினர். தாயகம் அமெரிக்காவின் வெப்பப் பகுதி. பற்றுக்கம்பிகள் இதற்கு இல்லை. தண்டே கொம்பைச் சுற்றி ஏறும். மேலிருந்து நோக்கினால் அது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுவதைக் காணலாம். தண்டைக் கிள்ளினால் பால் வடியும். இலை இதய வடிவினது. சில வேளை மூன்று மடல்களாகப் பிரிந்தும் இருக்கும். மலரின் குழல் மட்டுமே 7 முதல் 12 செ.மீ. வரை நீளும், விரிந்த முகத்தில் வெளிர்பச்சைக் கோடுகள் ஐந்து, விண்மீன்போல் அமைந்திருக்கும். இரவில் நிறத்தால் யாது பயன்? வெண்மையும் நறுமணமுமே அழைப்பு. அத்துணை நீண்ட குழலின் அடியிலுள்ள தேனை எட்டவல்லது, நீண்ட உறிஞ்சுகுழல் பெற்ற அந்துப்பூச்சிதான். காலை வெயில் ஏறுமுன் மலர் வாடிவிடும்.

இனி நான் ஒரு பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும். ரப்பரை உறுதியாக்கும் வழியை முதன்முதல் கண்டவர் சார்லஸ் குட்இயர் என்று பல ஆண்டுகள் கற்பித்தேன். ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கும் முறையை அவர் 1839இல் கண்டதும், 1844இல் உரிமம் பெற்றதும் மெய்யே. ஆனால் மெக்சிகோவின் எல் மனாட்டி என்னுமிடத்தில் கிடைத்த ரப்பர்ப் பந்துகள் கி.மு. 1600ஐ ஒட்டியவை! அந்நாட்டு மக்கள் காஸ்டில்லா எலாஸ்டிகா என்னும் மரத்தின் பாலோடு இந்நிலாப்பூக் கொடியின் சாற்றைக் கலந்தனர். மரப்பால் தனித்து உலர்ந்தால் நொறுங்கும். சாறு சேர்த்துக் கலக்கினால் துள்ளும் திரளாகிவிடும். நெருப்பே வேண்டுவதில்லை. டோரதி ஹாஸ்லரும் அவருடைய துணைவர்களும் மெக்சிகோவில் நேரில் கண்டும், ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்தும் 1999இல் இதனை வெளியிட்டனர். சாற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைக்கின்றன என்பது அவர்கள் கருத்து. பாலும் சாறும் சமமானால் பந்து நன்றாகத் துள்ளும். மூன்று பங்கு பாலுக்கு ஒரு பங்கு சாறானால் தேய்மானத்தைத் தாங்கும், செருப்படிக்கு ஏற்றதாம். அளவறிந்து கலந்த அம்மக்களை வேதியியல் அறியாதவர் என்று எங்ஙனம் கூறுவது?

என்னிடம் பயின்றோர் எவரேனும் இதைக் கேட்டால், பழைய குறிப்பேட்டில் அவ்வரியைத் திருத்திக்கொள்க.

கொடியை வளர்க்க விரும்புவோர்க்கு ஒரு சொல். விதை மிகக் கடினம். தோலைச் சிறிது உரசி, ஓரிரவு நீரில் ஊறவைத்து ஊன்றுங்கள். விதையை வாயிலிட வேண்டா. வீட்டுச் சிறுவர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.