யார் ஊர் பெயர்வது?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, என்னிடம் முன்பு பயின்ற மாணவி ஒருத்தி வெள்ளவத்தையிலுள்ள எங்கள் இல்லத்துக்கு வந்திருந்தாள். கொட்டாஞ்சேனையிற் பிறந்து வளர்ந்தவள். இப்பொழுது ஒரு பாடசாலையில் ஆசிரியையாகப் பணிபுரிகின்றாள். தேநீர் அருந்தி முடிந்ததும், "சேர், ஒரு வழக்குக்கு நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டும்" என்றாள்.

வழக்கு இதுதான். இலண்டனிற் பொறியியலாளராக இருக்கும் ஓர் இளைஞரும் அவளும் நான்கு ஆண்டுகளாக ஒருவரையொருவர் விரும்பி வருகின்றனர். இரு வீட்டாரும் இசைந்துவிட்டனர். சாதகமும் பொருந்திவிட்டது. எஞ்சியிருப்பது கொழும்புக்கும் இலண்டனுக்கும் இடையேயுள்ள ஏறக்குறைய 8,700 கிலோமீற்றர் தூரம் ஒன்றுதான்.

"அவர் வேலையை விட்டுவிட்டு இங்கே வருகிறேன் என்கிறார். நான் வேண்டாம், நானே அங்கு வருகிறேன் என்கிறேன். இரண்டு மாதமாக இதே வாதம். இதனாற் சண்டைகூட வந்துவிட்டது, சேர்!"

விட்டுக்கொடுப்பதிலே போட்டியா என்று என் துணைவியார் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விட்டுக்கொடுக்கும் போட்டியில் இன்று வென்றவர், பத்து ஆண்டுகள் கழித்து அதற்குரிய கணக்கை மற்றவர் முன் வைத்து வட்டியோடு கேட்பதைப் பல குடும்பங்களிற் கண்டிருக்கின்றேன். ஊர் பெயர்வதை அன்பின் அளவுகோலாகக் கொண்டால், பெயர்ந்தவர் கடன் கொடுத்தவர் ஆவார். இருந்தவர் கடனாளி ஆவார். இல்லறம் அவ்வாறு நடத்தற்குரியதன்று.

மணமான பெண் கணவன் பின் செல்வதே முறை என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். அது இயற்கையின் விதியன்று. பலவற்றுள் ஒரு வழக்கம், அவ்வளவே. யாழ்ப்பாணத்தாரின் பழைய வழக்கத்தை நோக்குங்கள். சீதனமாகப் பெண்ணுக்கு வீடும் வளவும் எழுதி வைப்பர். மாப்பிள்ளை தம் வீட்டை விட்டு அவ்வீட்டிற் குடிபுகுவார். 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையும் சீதனத்தைப் பெண்ணின் தனிச் சொத்தாகவே கொண்டது. மட்டக்களப்பிலும் தாய் வீடு மகளுக்கே சேரும். மருமகனே அங்கு வந்து வாழ்வார். கண்டிச் சிங்களவரிடையே 'தீக', 'பின்ன' என இருவகை மணங்கள் உண்டு. மனைவி கணவனது இல்லம் புகுவது முன்னையது. கணவன் மனைவியின் இல்லம் புகுவது பின்னையது. தீக மணம் செய்து சென்ற பெண் தந்தையின் சொத்திற் பங்கிழப்பாள் என்று பழைய கண்டிச் சட்டம் கூறிற்று. ஊர் பெயர்வோர் எதையோ இழக்கின்றனர் என்பதை முன்னோர் அறிந்தே இருந்தனர்.

ஆகவே, வழக்கத்தைக் காட்டி அவளுக்குத் தீர்ப்புச் சொல்ல என்னால் முடியவில்லை. அதற்குப் பதிலாக மூன்று குடும்பங்களின் கதையைச் சொன்னேன்.

முதலாவது எங்கள் குடும்பத்தின் கதை. என் தந்தையார் 1965ஆம் ஆண்டில் அரசாங்க எழுதுவினைஞராகக் கொழும்புக்கு வந்தார். வெள்ளவத்தையில் நண்பர் மூவருடன் ஓர் அறை எடுத்து, கூடிச் சமைத்துண்டு, 'சமறி' வாழ்க்கை நடத்தினார். மணமான பின்னரும் என் தாயார் யாழ்ப்பாணத்துச் சீதன வீட்டிலேயே இருந்தார். மாதம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை இரவு கோட்டைப் புகையிரத நிலையத்தில் மெயில் வண்டி ஏறி, ஏறக்குறைய 400 கிலோமீற்றர் கடந்து, விடியற்காலையில் தந்தையார் வீடு வந்து சேர்வார். ஞாயிறு இரவு மீண்டும் பயணம். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியும் அந்த மெயில் வண்டியும் இவ்வாறு எத்தனை குடும்பங்களைப் பிரித்தும் சேர்த்தும் ஓடின! 1983 ஆடிக் கலவரத்தின் பின்னரே தந்தையார் ஊரோடு வந்து சேர்ந்தார். பதினெட்டு ஆண்டுகள் அவ்வாறு கழிந்தன.

தந்தையார் மறைந்த பின் தாயாரை எம்முடன் அழைத்து வந்தோம். வந்த முதல் நாள் மாலை, மாடியில் நின்று காலி வீதியை நெடுநேரம் பார்த்திருந்தார். பிறகு, "இந்த றோட்டிலைதானே அவர் பதினெட்டு வருஷம் தனிய நடந்தவர்" என்றார். சற்றுப் பொறுத்து, "'நீர் வாறீரோ?' எண்டு அவர் ஒருநாளும் கேட்கேல்லை, 'நான் வரட்டோ?' எண்டு நானும் கேட்கேல்லை" என்றார்.

இருவருக்குமிடையே பகையில்லை, அன்புக்கும் குறைவில்லை. சீதன வீட்டை விட்டு வரமாட்டார் என்று அவர் எண்ணினார். கொழும்பு அறையிலே தமக்கு இடமில்லை என்று இவர் எண்ணினார். ஒரு கேள்வி கேட்கப்படாமையினால் அந்த ஆண்டுகள் அவ்வாறே போயின.

இரண்டாவது கதை நாடறிந்தது. இந்துவாக இருந்துகொண்டே இங்கிலாந்திற் பாரிஸ்டரான முதல்வர், அரிச்சந்திர நாடகத்தை 1863இல் ஆங்கிலத்திற் பெயர்த்தவர், சேர் முத்துக்குமாரசுவாமி. அவர் எலிசபெத் பீபி என்னும் ஆங்கிலேயப் பெண்ணை மணந்தார். அவர் கடல் கடந்து கொழும்புக்கு வந்தார். 1877ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் திகதி அவர்களுக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. அக்குழந்தைக்கு இரண்டு வயது நிறையுமுன் தாயும் மகவும் இங்கிலாந்து சென்றனர். தந்தை பின்னாற் செல்வதாக ஏற்பாடு. 1879ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் திகதி, கப்பலேற இருந்த நாளிலேயே அவர் காலமானார் என்று வரலாறு எழுதியோர் கூறுவர். தந்தையின் முகம் நினைவில்லாமல் இங்கிலாந்தில் வளர்ந்த அக்குழந்தையே பின்னாளிற் கலாயோகி எனப் போற்றப்பெற்ற ஆனந்த குமாரசுவாமி. 1903இல் இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராக அவர் தந்தையின் நாட்டுக்குத் திரும்பி வந்தார்.

இதில் யார்மேலும் குற்றமில்லை. ஆயினும் 'கொஞ்ச நாட்பிரிவுதானே, விரைவிற் சேர்ந்துவிடுவோம்' என்று சொல்லும் இளைஞர்கள் இதனை நினைக்க வேண்டும். 'விரைவில்' என்பது நாட்காட்டியில் இல்லாத நாள். பிரிந்திருக்க நேர்ந்தால் அதற்கு ஓர் எல்லை குறித்தல் வேண்டும்.

மூன்றாவது கதையும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. முத்துக்குமாரசுவாமியின் மருமகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன். கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையில் ஸ்ரீ பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைக் கருங்கற்றிருப்பணியாக எடுப்பித்தவர் அவரே. அவருடைய இரண்டாவது துணைவியார் ஹரிசன் என்னும் ஆஸ்திரேலியப் பெண்மணி. இராமநாதனின் அமெரிக்கப் பயணத்தில் உடன்சென்று, அதனை நூலாகவும் எழுதியவர். இந்நாட்டுக்கு வந்து, லீலாவதி என்னும் பெயர் பூண்டு, 1913இல் மருதனார்மடத்தில் எழுந்த இராமநாதன் மகளிர் கல்லூரியின் பணியில் தம்மை முழுதும் ஈடுபடுத்தினார். 1930இல் கணவர் மறைந்தபோது அவர் தம் நாட்டுக்குத் திரும்பியிருக்கலாம், திரும்பவில்லை. 1953இல் இறக்கும்வரை இம்மண்ணிலேயே வாழ்ந்தார்.

அந்நிய மண்ணில் அவர் வேரூன்றியது எங்ஙனம்? கணவரின் நிழல் மட்டும் அதற்குப் போதியதாக இருந்திராது. இங்கே அவருக்கென்று ஒரு பணி இருந்தது. அவரை எதிர்பார்த்து மாணவியர் இருந்தனர். புதிய ஊரிலே தமக்கென ஒரு தொழிலும், தம்மைத் தேடும் நான்கு மனிதரும் இல்லாதவர், எத்துணை அன்பான வீட்டிலும் விருந்தாளியாகவே இருப்பார்.

இக்காலத்தில் இம்முடிவைக் காதலர் மட்டும் செய்வதில்லை. அரசாங்கங்களும் உடன் அமர்ந்திருக்கின்றன. வாழ்க்கைத்துணையைப் பிரித்தானியாவுக்கு அழைப்பவர்க்கு ஆண்டு வருமானம் 18,600 பவுண் வேண்டுமென 2012இல் வகுத்த அந்நாட்டரசு, 2024 ஏப்ரலில் அதனை 29,000 ஆக உயர்த்திற்று. துணையை அழைக்க இடந்தரும் சட்டம், துணையின் முதிய தாயை அழைக்க எளிதில் இடந்தருவதில்லை. நம் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வரையில், மணவாழ்விற் பிறந்த பிள்ளைக்குத் தந்தை வழியாகவே குடியுரிமை கிடைத்தது. மனைவியே கணவனைப் பின்தொடர்வாள் என்று சட்டமும் எண்ணியிருந்தது போலும். இவற்றையெல்லாம் முன்கூட்டியே விசாரித்தறிதல் நன்று. ஆனால் விசா அலுவலகம் கேட்கும் கேள்விகள் வேறு. இருவரும் தமக்குள் கேட்க வேண்டியவை வேறு.

அவற்றுள் நான்கினை அவளுக்குச் சொன்னேன். பெயர்பவருடைய கல்வியும் தொழிலும் புதிய நாட்டிற் செல்லுமா, அன்றி மீண்டும் முதற்படியில் நிற்க வேண்டுமா? எந்தப் பக்கத்துப் பெற்றோருக்கு அருகில் வேறு பிள்ளைகள் இல்லை? பெயர்பவர் பெற்றோரைப் பார்க்கச் சென்றுவரும் செலவை, சலுகையாக அன்றிக் குடும்பத்தின் முதற் செலவாக மற்றவர் ஏற்பாரா? அங்கே வாழ்வு பொருந்தாவிடின், எத்தனை ஆண்டுகள் கழித்து மீண்டும் அமர்ந்து பேசுவர்?

"இவற்றுக்கு விடை எழுதுமுன், 'நீங்கள் எதை இழப்பீர்கள்?' என்று அவரைக் கேள். 'நான் வருகிறேன்' என்று அவர் சொல்வதை மட்டும் கேட்டிருக்கின்றாய், இதனைக் கேட்டாயா?" என்றேன். அவள் சிறிது நேரம் பேசாதிருந்தாள். "கேட்கவில்லை, சேர். அவரும் என்னைக் கேட்கவில்லை" என்றாள்.

மூன்று வாரங்களின் பின் தொலைபேசியில் அழைத்தாள். அந்த இளைஞர் மூன்று நாட்கள் விடை சொல்லவில்லையாம். பிறகு, "வேலை போவது பற்றி எனக்குக் கவலையில்லை. இலண்டனிலே தோற்றுத் திரும்பியவன் என்று ஊர் சொல்லுமே, அதுதான் பயம்" என்றாராம். அவளோ, தாயைத் தனியே விட்டுச் சென்றால் இரவில் உறக்கம் வராது என்பதை முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னாளாம். அவள் விதவைத் தாய்க்கு ஒரே மகள்; அவருடைய பெற்றோருக்கோ இலண்டனில் இன்னும் இரு பிள்ளைகள் உண்டு. சிறுவயதில் யாழ்ப்பாணத்திலிருந்து சென்ற அவருக்குத் தமிழும் தெரியும். அவருடைய தொழிலும் கொழும்பிற் செல்லும். நான்கு கேள்விகளையும் எழுதிப் பார்த்து, அவரே வருவதென முடிவு செய்தனர். ஆண்டுதோறும் அவர் இலண்டன் சென்றுவரும் செலவை இப்பொழுதே ஒதுக்கத் தொடங்கிவிட்டனர். மூன்று ஆண்டுகள் கழித்து மீண்டும் பேசுவதென்றும் உறுதி. "தோற்றுத் திரும்பியவர் என்று யாரும் சொன்னால், யாழ்ப்பாணத்துப் பழைய முறைப்படி பெண் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை என்று நான் சொல்வேன், சேர்" என்று சிரித்தாள்.

எல்லோருக்கும் இதே முடிவு பொருந்தும் என்று நான் கூறவில்லை. வேறொரு குடும்பத்திற் பெண் செல்வதே தக்கதாக இருக்கலாம். முடிவு எதுவாயினும், அது இருவர் வாயிலிருந்தும் வந்ததாக இருத்தல் வேண்டும்.

அன்றிரவு உணவின்போது தாயாரிடம் செய்தியைச் சொன்னேன். மாப்பிள்ளை என்ன படித்தவர், எந்த ஊர், எப்போது கலியாணம் என்று ஒன்றுமே அவர் விசாரிக்கவில்லை.

"ஆர் தம்பி முதலிலை கேட்டது?" என்றார்.