மோட்டாரும் மௌத் ஆர்கனும்

சங்கீதம் கற்றுக்கொள்ள ஆசையில்லாத மனிதர்கள் உலகத்தில் வெகு சொற்பம். அதற்கு அவகாசம் உள்ளவர்களோ அதைவிடச் சொற்பம். பத்து வயதில் ஆசை உண்டானால் பாடப் புத்தகம் குறுக்கே நிற்கிறது. நாற்பது வயதில் அந்த ஆசை மறுபடியும் தலைகாட்டினால் ஆபீஸ், கடன், குழந்தைகளின் பரீட்சை எல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன. இந்த நிலைமையில், தினந்தோறும் காலையில் அரை மணியும் மாலையில் அரை மணியும் மோட்டார் வண்டிக்குள் தன்னந்தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு, "இந்த ஒரு மணி நேரத்தை வீணாக்குவானேன்? சட்டைப் பையிலுள்ள மௌத் ஆர்கனை எடுத்து ஊதிப் பழகினால் என்ன?" என்று தோன்றுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அமெரிக்க தேசத்தில் பலருக்கு இப்படித் தோன்றியிருக்கிறது. அந்நாட்டு ஜனக் கணக்கு இலாகாவின் மதிப்பீட்டின்படி, 2019-ஆம் ஆண்டில் வேலைக்குப் போகிற ஒருவருக்கு ஒரு வழிப் பிரயாணம் சராசரி 27.6 நிமிஷம் பிடித்தது. போகவும் வரவும் ஐம்பத்தைந்து நிமிஷம். பெரும்பாலோர் தனியாகவே வண்டி ஓட்டிக்கொண்டு போகிறார்கள். வீட்டில் ஊதினால் மனைவி மக்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். அண்டை வீட்டார் ஜன்னலைச் சாத்துவார்கள். வண்டிக்குள்ளோ, கண்ணாடியை ஏற்றிவிட்டால் கேட்பாரில்லை. ஆரம்ப சாதகத்துக்கு இதைவிட உத்தமமான அறை எங்கே கிடைக்கும்? பிடிலுக்கும் புல்லாங்குழலுக்கும் இரண்டு கைகள் வேண்டும். மௌத் ஆர்கனோ ஒற்றைக் கையில் அடங்குகிறது. கண்ணின் உதவியைக் கேட்பதே இல்லை. ஆகையால் கண் சாலையில், ஒரு கை ஸ்டீரிங்கில், மற்றொரு கை வாத்தியத்தில் என்று வேலையைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்பது இவர்களுடைய வாதம்.

இந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதில் சொல்லுமுன் அந்த வாத்தியத்தைச் சற்றுப் பார்ப்போம். எதையும் திறந்து உள்ளே பார்க்காமல் விடுவதில்லை என்பது உபாத்தியாயர்களுக்கு உள்ள ஒரு கெட்ட வழக்கம்.

தெற்கு ஜெர்மனியில் ட்ராஸிங்கன் என்ற ஊரில், மத்தியாஸ் ஹோனர் என்னும் கடிகாரத் தொழிலாளி 1857-இல் மௌத் ஆர்கன் செய்யத் தொடங்கினார். முதல் வருஷத்தில் அவர் செய்தவை 650. அவருடைய கம்பெனி 1896-இல் வெளியிட்ட 'மரீன் பாண்ட்' என்ற மாதிரி இன்றைக்கும் விற்பனையாகிறது. அதைத் திறந்து பார்த்தால், மரச் சீப்பு ஒன்று. அதன் மேலும் கீழும் இரண்டு பித்தளைத் தகடுகள். அவற்றில் மெல்லிய இருபது நாக்குகள். மேலே இரண்டு மூடிகள். அவ்வளவுதான். நம் வீட்டு ஹார்மோனியத்துக்குள் இருப்பதும் இதே ஜாதி நாக்குகள்தாம். அங்கே துருத்தி செய்கிற வேலையை இங்கே நம்முடைய சுவாசப் பைகள் செய்கின்றன.

பத்துத் துளைகளுக்கு இருபது நாக்குகள் எதற்கு? ஒவ்வொரு துளையிலும் ஊதினால் ஒரு ஸ்வரம், மூச்சை உள்ளே இழுத்தால் வேறொரு ஸ்வரம். இதுதான் இந்த வாத்தியத்தின் அழகு. இதுவே அதன் விஷமமும்கூட. நாலாவது துளையில் ஊதினால் ஸ, இழுத்தால் ரி. ஐந்தில் ஊதினால் க, இழுத்தால் ம. ஆறில் ஊதினால் ப, இழுத்தால் த. இப்படி ஊதி, இழுத்து, ஊதி, இழுத்து சந்தோஷமாகச் சங்கராபரணத்தின் படிகளில் ஏறிக்கொண்டிருக்கும் மாணாக்கன் ஏழாவது துளைக்கு வந்ததும் தடுக்கி விழுகிறான். ஏனெனில் அங்கே முறை தலைகீழாகிவிடுகிறது: முதலில் இழுத்தால்தான் நி, பிறகு ஊதினால் மேல் ஸ. அடி ஸ்தாயியிலோ இன்னும் வேடிக்கை. அங்கே மத்யமமும் தைவதமும் கிடையவே கிடையாது. இரண்டாவது, மூன்றாவது துளைகளில் மூச்சை இழுத்துக்கொண்டே நாக்கையும் தொண்டையையும் ஒரு விதமாக வளைத்து, ஸ்வரத்தைக் கீழே இறக்கி அவற்றை வரவழைக்க வேண்டும். இந்த வளைப்பு வித்தை கைவர மாதக்கணக்கில் ஆகும். ஆசிரியர் தொட்டுக் காட்ட முடியாது. கண்ணாடியில் பார்த்துத் திருத்திக்கொள்ளவும் முடியாது. காது ஒன்றே குரு.

காதைக் குருவாகக் கொண்டு இந்த வாத்தியத்தில் என்ன சாதிக்கலாம் என்பதற்கு டிஃபோர்ட் பெய்லி என்னும் நீக்ரோவர் இனத்து மேதை ஒருவரே போதும் என்று அந்தக் காலத்துப் பத்திரிகைகள் எழுதியிருக்கும். கறுப்பு அமெரிக்கர் என்று இன்று சொல்வதே மரியாதை. 1899-இல் டென்னஸீ மாகாணத்தில் பிறந்த அவரை மூன்றாவது வயதில் இளம்பிள்ளை வாதம் படுக்கையில் தள்ளிற்று. படுக்கையில் கிடந்தபடியே மௌத் ஆர்கன் பழகினார். சிறு பிராயத்தில் கேட்ட ரயில்களின் ஓசை அவர் மனத்தைவிட்டு அகலவில்லை. 1927-இல் அவர் இசைத்தட்டில் பதிந்த 'பான் அமெரிக்கன் ப்ளூஸ்' என்பதில், ரயில் புறப்படுவதும், வேகம் பிடிப்பதும், ஊதல் கொடுப்பதும் அந்த இருபது நாக்குகளிலிருந்தே வருகின்றன. நாஷ்வில் ரேடியோவில் பல வருஷம் வாசித்துப் பெரும் பெயர் பெற்றார். ரயிலை அவர் கேட்டார், ஓட்டவில்லை. இந்த வித்தியாசத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

ஓட்டிக்கொண்டே வாசித்தவர் யாரும் இல்லையா என்றால், இருக்கிறார். அவர் சாமானிய மனிதரும் அல்ல. 1965-ஆம் வருஷம் டிசம்பர் 16-ஆம் தேதி, ஜெமினி 6 என்ற ஆகாயக் கப்பலின் தலைவர் வால்லி ஷிரா, பூமியைச் சுற்றிக்கொண்டே, நாலே துளைகள் கொண்ட ஒரு குட்டி மௌத் ஆர்கனில் கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றை வாசித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாம் ஸ்டாஃபோர்ட் சிறு மணிகளைக் குலுக்கித் தாளம் போட்டார். வானவெளியில் மனிதன் வாசித்த முதல் வாத்தியம் அதுதான். கப்பலின் வேகம் அப்போது மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர்! "அந்த வேகத்தில் அவர் வாசிக்கலாம், நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் நான் வாசிக்கக் கூடாதா?" என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? ஷிராவின் பாதையில் எதிரே லாரி வரவில்லை. பந்தைத் துரத்திக்கொண்டு சிறுவன் எவனும் ஓடி வரவில்லை. அக்கம்பக்கத்தில் இருந்தது ஜெமினி 7 என்ற ஒரே கப்பல். அதுவும் முந்தின நாள் சந்திப்புக்குப் பிறகு விலகிப் போய்விட்டது.

நிற்க. "கண் சாலையில்தானே இருக்கிறது?" என்ற வாதத்துக்கு வருவோம். யூட்டா சர்வகலாசாலையைச் சேர்ந்த டேவிட் ஸ்ட்ரேயர், வில்லியம் ஜான்ஸ்டன் என்ற இரு பேராசிரியர்கள் 2001-இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். வண்டி ஓட்டுவதைப் போன்ற ஒரு வேலையைக் கொடுத்து, நடுவே சிவப்பு விளக்குகளைக் காட்டினார்கள். ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குப் பெரிய கெடுதல் ஏற்படவில்லை. டெலிபோனில் பேசியவர்களோ இரண்டு மடங்கு விளக்குகளைத் தவறவிட்டார்கள். கருவியைக் கையில் பிடித்திருந்தாலும் பிடிக்காவிட்டாலும் பலன் ஒன்றுதான்! அதாவது, காதில் விழுவதைச் சும்மா கேட்பது வேறு. அடுத்து என்ன சொல்வது என்று மனம் தேடுவது வேறு. சோதித்தது டெலிபோனைத்தான். ஆனால் ஏழாவது துளையில் ஊதுவதா இழுப்பதா என்று தேடுகிற மனம், பேச்சில் வார்த்தை தேடுகிற மனத்தைவிட ஓய்வாக இருக்கும் என்று நம்மால் நம்ப முடியவில்லை. நன்றாகப் பாடமான பாட்டை வாசிப்பதையாவது ஒரு மாதிரி மன்னிக்கலாம். சாதகம் என்பதோ பிழையைத் தேடிப் பிடித்துத் திருத்தும் காரியம். முழுக் கவனத்தையும் கேட்பது.

சிலர், கழுத்தில் மாட்டும் கம்பிச் சட்டத்தைச் சிபாரிசு செய்கிறார்கள். கிதார் வாசித்துக்கொண்டே மௌத் ஆர்கன் ஊதுவதற்காகப் பாப் டிலன் போன்றவர்கள் மாட்டிக்கொள்வது அது. இரண்டு கைகளும் ஓய்ந்திருக்கும், வாஸ்தவம். ஆனால் இக்காலத்து வண்டிகளின் ஸ்டீரிங்குக்குள் காற்றுப் பை ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. மோதல் நேர்ந்தால் ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்குக்குள் அது உப்பி முகத்தை நோக்கி வரும். அதற்கு இடம் விட்டு, மார்புக்கும் ஸ்டீரிங்குக்கும் நடுவில் பத்து அங்குலமாவது இருக்க வேண்டும் என்று அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு இலாகா சொல்கிறது. அந்த இடத்தில், பல்லுக்கு நேரே, உலோகத் தகட்டையும் கம்பியையும் வைத்துக்கொண்டிருந்தால் உயிர் காக்க வந்த பையே என்ன செய்யும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. வாத்தியம் மடியில் நழுவினாலும் ஆபத்துதான். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி குனிந்து தேடினால், வண்டி நாற்பத்து நாலு மீட்டர் தூரத்தைக் குருட்டுத்தனமாகக் கடந்துவிடும்.

உயிரின் சங்கதி இருக்கட்டும், சங்கீதத்துக்காவது லாபமுண்டா? இடது கையில் வாத்தியத்தைப் பிடித்து, வலது கையைக் கிண்ணம்போல் குவித்துத் திறந்து மூடுவதில்தான் மௌத் ஆர்கனின் நாதமே உயிர் பெறுகிறது. ஒற்றைக் கைப் பழக்கம் அதைக் கெடுத்துவிடும். எஞ்சின் இரைச்சலுக்கு மேல் கேட்க வேண்டுமென்று பலமாக ஊதப் பழகுவது அதைவிடக் கேடு. பலமாக ஊத ஊதப் பித்தளை நாக்குகள் களைத்து, சுருதி இறங்கி, கடைசியில் ஒடிந்துபோகின்றன. ஆரம்பக்காரர் மூச்சு வாங்க ஊதினால் தலை கிறுகிறுப்பதும் உண்டு. கிறுகிறுக்கிற தலை இருக்க வேண்டிய இடம் ஸ்டீரிங்குக்குப் பின்னால் அல்ல.

அப்படியானால் அந்த ஒரு மணி நேரம் வீண்தானா? இல்லை. பெய்லி செய்த காரியத்தை யாரும் செய்யலாம்: கேட்கலாம். பழக வேண்டிய ஒரே பாட்டை ஒரு வாரம் முழுதும் ஒலிக்க விட்டு, மெதுவாகக் கூடவே முனகிப் பார்த்தால், வீட்டுக்குப் போய் வாத்தியத்தை எடுக்கும்போது பாதிப் பாடம் காதில் ஏறியிருக்கும். வாத்தியத்தைக் கையில் எடுப்பது, வண்டியை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்த பிறகு. ஆபீஸ் வாசலில் பத்து நிமிஷம் முன்னதாகப் போய்ச் சேர்ந்து, அந்தப் பத்து நிமிஷத்தை ஏழாவது துளைக்கென்றே ஒதுக்குகிறவர், ஒரு மணி நேரம் ஓட்டிக்கொண்டே ஊதுகிறவரைவிட விரைவில் முன்னுக்கு வருவார் என்று நாம் பந்தயம் கட்டத் தயார். இரண்டு கையும் இருக்கின்றன, இரைச்சல் இல்லை, மெல்லிய மூச்சே போதும்.

வாசித்து முடித்ததும் துளைகள் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, உள்ளங்கையில் நாலு தடவை தட்டி ஈரத்தை உதற வேண்டும். பிறகு வாத்தியத்தை வண்டியிலேயே போட்டுவிட்டு இறங்கக் கூடாது. வெயிலில் சாத்திக் கிடக்கும் வண்டிக்குள் சூடு ஏறினால் மரச் சீப்பு காய்ந்து வெடிக்கும். அடுத்த முறை ஊதும்போது துளைகளின் ஓரத்தால் காற்று கசியும். சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.