அப்பா சுமக்கும் பிள்ளைகள்

தீவு ஊரான தங்கச்சிமடத்துக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டிலும் ஆழம் குறைந்த இடங்களில் கடற்புல் மண்டிக் கிடக்கிறது. அந்தப் புல்லில் வாலைச் சுற்றிக்கொண்டு, நிமிர்ந்து நின்றபடியே வாழும் மீன் ஒன்று உண்டு. அதுதான் கடல் குதிரை. கரையில் வலையை உதறி, கழிவு மீன்களான சங்காயத்தைப் பிரிக்கும்போது, நண்டுக்கும் காரல் மீனுக்கும் நடுவே அது கிடப்பதைத் தீவுப் பிள்ளைகள் பலர் பார்த்திருப்பீர்கள். முகம் குதிரை மாதிரி இருந்தாலும் அது செவுளால் மூச்சுவிடும் அசல் மீன்தான். செதில் மட்டும் கிடையாது. எலும்பு வளையங்களின் மேல் தோல் போர்த்திய உடம்பு.

அடுத்த முறை பார்த்தால், வயிறு முடிந்து வால் தொடங்கும் இடத்தைக் கவனியுங்கள். அங்கே வழவழப்பான பை ஒன்று தெரிந்தால் அது ஆண். பை உப்பியிருந்தால் அந்த ஆண் கர்ப்பமாக இருக்கிறது. ஆமாம், ஆண்தான்!

பெண் கடல் குதிரை தன் முட்டைகளை ஆணின் பைக்குள் வைத்துவிடும். பையின் வாய் சுருக்குப்பை போல மூடிக்கொள்ளும். உள்ளேயே ஆணின் விந்தணுக்கள் முட்டைகளோடு சேர்ந்து கரு உண்டாகிறது. கருக்கள் பையின் உள்சுவரில் புதைந்துகொள்ள, அவற்றைச் சுற்றி ரத்த நாளங்கள் பெருகுகின்றன. அந்த நாளங்கள் வழியாக ஆக்சிஜன் வருகிறது, கழிவு போகிறது. உணவு பெரும்பாலும் அம்மா முட்டைக்குள் வைத்துக் கொடுத்த மஞ்சள் கருதான். இதையெல்லாம்விட எனக்கு வியப்பாக இருப்பது அப்பா செய்யும் இன்னொரு வேலை. பைக்குள் இருக்கும் நீரின் உப்பை அது பார்த்துக்கொள்கிறது. முதலில் உப்பு குறைவு. பிறக்கும் நாள் நெருங்க நெருங்க அந்த நீர் கடல்நீரைப் போலவே ஆகிவிடும். வெளியே வரும் குஞ்சு உப்புத் தண்ணீரில் விழுந்து திணறக் கூடாது அல்லவா?

இரண்டு முதல் நான்கு வாரங்களில் பிரசவம். அப்பா உடம்பை முன்னும் பின்னும் வளைத்து, பையை இறுக்கித் தள்ளத் தள்ள, நூற்றுக்கணக்கான குட்டிக் குதிரைகள் வெளியே வந்து விழும். அதன்பிறகு அவை தம் பாட்டைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். நூற்றில் ஒன்று வளர்ந்து பெரிதாவதே அரிது. 2001-ல் இருந்து நம் நாட்டுச் சட்டத்தில் கடல் குதிரைக்கும் புலிக்கும் ஒரே வரிசைப் பாதுகாப்பு. பிடிப்பதும் காயவைத்து விற்பதும் குற்றம். வலையில் உயிரோடு வந்தால் உடனே கடலில் விட்டுவிடச் சொல்லுங்கள், அதுவும் பை உப்பியிருந்தால் ஒரு நொடிகூடத் தாமதிக்கக் கூடாது.

இந்த இடத்தில் உங்களில் யாராவது கேட்பீர்கள்: "குட்டியைச் சுமந்து பெறுவது அது என்றால், அதைப் பெண் என்றுதானே சொல்ல வேண்டும்?" நல்ல கேள்வி. விஞ்ஞானிகள் ஆண், பெண் என்று பிரிப்பது யார் சுமக்கிறார்கள் என்பதை வைத்து இல்லை. உணவு நிறைந்த பெரிய உயிரணுவைத் தருவது பெண்; நீந்தி வரும் சிறிய உயிரணுவைத் தருவது ஆண். மனிதரிலும் இதே கணக்குத்தான். பெண்ணின் கருமுட்டை சுமார் 0.1 மில்லிமீட்டர், கூர்ந்து பார்த்தால் வெறும் கண்ணுக்கே ஒரு புள்ளியாகத் தெரியும். விந்தணுவைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும்.

நம்மில் சுமப்பது அம்மா. "வயிற்றில் பிள்ளை" என்று சொன்னாலும் சோறு போகும் இரைப்பை வேறு, பிள்ளை வளரும் கருப்பை வேறு. கருப்பை இருப்பது சிறுநீர்ப்பைக்குப் பின்னால். அது பெருக்கப் பெருக்க சிறுநீர்ப்பையை அழுத்தும். அதோடு, கர்ப்ப காலத்தில் அம்மாவின் சிறுநீரகங்கள் வழக்கத்தைப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வடிகட்டுகின்றன. பிள்ளையின் ரத்தக் கழிவையும் வெளியேற்றுவது அவைதானே! வீட்டில் மாசமாக இருக்கும் அக்காவோ சித்தியோ ராத்திரியில் நாலு தடவை எழுந்து போனால் சலித்துக்கொள்ளாதீர்கள். விளக்கைப் போட்டுக் கொடுங்கள்.

பிள்ளைக்கும் அம்மாவுக்கும் நடுவே இருக்கும் உறுப்பு நச்சுக்கொடி. அதையும் பிள்ளையையும் இணைப்பது தொப்புள்கொடி. இரண்டு பேருடைய ரத்தமும் நச்சுக்கொடியில் பக்கத்துப் பக்கத்தில் ஓடும், ஆனால் கலக்காது. மெல்லிய சுவரைத் தாண்டி ஆக்சிஜனும் சத்தும் உள்ளே போகும். கழிவு வெளியே வரும். கடல் குதிரையின் பைச்சுவரில் நடந்ததும் ஏறத்தாழ இதுதான்.

பனிக்குட நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளை மிதப்பது அதில்தான். கர்ப்பத்தின் பிற்பாதியில் அந்த நீரில் பெரும்பங்கு எது தெரியுமா? பிள்ளையின் சிறுநீர்! பிள்ளை அதையே விழுங்கும், மறுபடி வெளியேற்றும். முகம் சுளிக்க வேண்டாம். உண்மையான கழிவெல்லாம் நச்சுக்கொடி வழியாக அம்மாவிடம் போய்விடுவதால் அதில் கெடுதல் எதுவும் இல்லை. சுமார் 40 வாரம் இப்படியே போகும். கடல் குதிரை வாழும் இதே கடலில் இருக்கும் ஆவுளியா என்னும் கடல் பசுவும் நம்மைப் போல ஒற்றைப் பிள்ளைக்காரிதான். அது சுமப்பதோ ஒரு வருடத்துக்கும் மேல்.

அம்மா இத்தனையும் செய்வதால் பிள்ளை முழுக்க அம்மாவின் சாயல்தானா? இல்லை. நம் செல்களில் இருக்கும் குரோமோசோம்கள் 46. அம்மாவிடமிருந்து 23, அப்பாவிடமிருந்து 23. அம்மாவிடம் இருக்கும் 23 ஜோடிகளில், ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்று மட்டும் கருமுட்டைக்குள் போகும். எந்த ஒன்று என்பது ஒவ்வொரு தடவையும் மாறும். இப்படிச் சேர்வதற்கு மட்டுமே 83,88,608 வழிகள் உண்டு. அப்பா பக்கமும் அதே கணக்கு. ஒரே வீட்டில் பிறந்த அக்காவுக்குச் சுருட்டை முடியும் தங்கச்சிக்கு நேர் முடியும் அமைவது இதனால்தான்.

அந்த 23-ல் ஒரு ஜோடிதான் ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். அம்மாவிடம் எக்ஸ் மட்டுமே இருப்பதால் கருமுட்டையில் எப்போதும் எக்ஸ்தான். விந்தணுவில் எக்ஸும் இருக்கலாம், ஒய்யும் இருக்கலாம். எக்ஸ் வந்து சேர்ந்தால் மகள், ஒய் வந்து சேர்ந்தால் மகன். எது முந்தும் என்பது அப்பாவின் கையிலும் இல்லை. அப்படியிருக்க, பெண் பிள்ளை பெற்றாள் என்று எத்தனை அம்மாக்களை நம் ஊர்களில் ஏசியிருக்கிறார்கள்! அவர்களிடம் இல்லாத ஒய்யை அவர்களிடம் கேட்டிருக்கிறார்கள். மகள் பிறந்தது ஒரு குறை என்று நினைத்ததே முதல் தப்பு. அதை அம்மாவின் தலையில் போட்டது அடுத்த தப்பு.

ஸ்கேன் சென்டர்களில், கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டோம் என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப் பார்த்துச் சொல்வது 1994-ல் வந்த சட்டப்படி குற்றம். உங்கள் தெருவில் யாராவது இன்னமும் அம்மாவைக் குறை சொன்னால், எக்ஸையும் ஒய்யையும் ஒரு தாளில் வரைந்து காட்டி, பொறுமையாக விளக்குங்கள் பிள்ளைகளே.