கேஜைத் தொங்கவிடாதீர்கள்

கடலுக்குள் நீந்திப் போகும் ஒரு ஸ்கூபா டைவரைப் பக்கத்திலிருந்து பாருங்கள். முதுகில் சிலிண்டர், அதன் கழுத்தில் ரெகுலேட்டர். அங்கிருந்து வழக்கமாக நான்கு ஹோஸ்கள் கிளம்பும். ஒன்று வாய்க்கு, ஒன்று மிதவைச் சட்டைக்கு, ஒன்று கூட வருபவருக்குக் காற்று தீர்ந்தால் கொடுக்கும் ஆக்டோபஸுக்கு, இன்னொன்று மிச்சக் காற்றைக் காட்டும் கேஜுக்கு. புதிதாகப் பழகியவர்களில் பாதிப்பேருக்கு அந்தக் கடைசி ஹோஸ் வயிற்றுக்குக் கீழே தொங்கிக்கொண்டே வரும். டைவர் படுத்தவாக்கில் நீந்துவதால், உடம்பு தரையைத் தொடாவிட்டாலும் கேஜ் தொட்டுவிடும்.

அந்தமானின் ஹேவ்லாக்கில், இன்றைய ஸ்வராஜ் தீவில், பவளத்தின் மேல் கேஜ் இழுபடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கிளைப் பவளம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் வளரும். பாறை போல் உருண்டு வளரும் வகை அதைவிட மெதுவாக, ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். கேஜ் ஒருமுறை மோதினால் பல ஆண்டு வளர்ச்சி உடைந்து விழுகிறது. உடைத்தவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது, ஏனென்றால் அவர் முன்னால் பார்த்து நீந்திக்கொண்டிருப்பார்.

கேஜுக்கும் நல்லதில்லை. ஹோஸும் கேஜும் சேரும் இடத்தில் கேஜ் சுழல்வதற்காகச் சிறு உலோகக் குழல் ஒன்று இருக்கிறது, அதில் கடுகளவே பெரிதான இரண்டு ஓ-ரிங்குகள். தொங்கி ஆடி அடிபட்டால் அவை சீக்கிரம் தேய்ந்து குமிழி விட ஆரம்பிக்கும். குமிழியைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். கேஜுக்கான துளை ரெகுலேட்டருக்குள்ளேயே ஊசிமுனை அளவில்தான் வைக்கப்பட்டிருக்கும், அதனால் இந்த ஹோஸே அறுந்தாலும் சிலிண்டர் நொடியில் காலியாகாது. ஆனால் அந்த டைவ் அத்துடன் முடிந்தது, மேலே வந்தாக வேண்டும்.

எனவே கேஜை உடம்போடு ஒட்டி வைக்க ஒரு கிளிப் வேண்டும். எந்தக் கிளிப், அதை ஹோஸில் எதனால் கட்டுவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். நானும் தவறியிருக்கிறேன். மலையேறுபவர்கள் பயன்படுத்துவது போன்ற, உள்பக்கம் தள்ளினால் திறக்கும் கொக்கி ஒன்றை மாட்டிக்கொண்டு புதுச்சேரிக் கடலில் இறங்கினேன். அடியில் யாரோ கைவிட்ட வலைத்துண்டு ஒன்று கிடந்தது. அதை உரசிப் போனதுதான் தெரியும், வலையின் நூல் கொக்கியின் வாயைத் தானே தள்ளித் திறந்து உள்ளே புகுந்துகொண்டது. போன வழியில் வெளியே வராது. கூட வந்தவர் பின்னால் இருந்ததால் நூலை அறுத்து விட்டார். இந்த வகைக் கொக்கிக்கு டைவர்கள் வைத்திருக்கும் பெயர் தற்கொலைக் கொக்கி. பெயர் சரியாகத்தான் இருக்கிறது.

வாங்க வேண்டியது போல்ட் ஸ்னாப். அதன் வாயை ஒரு சிறு தண்டு மூடியிருக்கும். தண்டில் உள்ள குமிழைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தால்தான் வாய் திறக்கும். வலை உரசினால் திறக்காது, கயிறு தள்ளினாலும் திறக்காது. மறுமுனையில் கட்டுவதற்கு ஒரு வளையம், அதைக் கண் என்பார்கள். 316 ரகத் துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள். முலாம் பூசிய மலிவுச் சரக்கு உப்புநீரில் சில மாதங்களில் இறுகிப்போகும்.

இந்தக் கிளிப்பை வெறும் நூலால் கட்டும் பழக்கத்தை வளர்த்தவர்கள் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள நீரடிக் குகைகளில் மூழ்குபவர்கள். தலைக்கு மேல் பாறை இருப்பதால் சிக்கல் வந்தால் அவர்களால் நேராக மேலே வர முடியாது. குகை டைவிங்கில் ஏன் உயிர் போகிறது என்று விபத்து விபத்தாக ஆராய்ந்து ஷெக் எக்ஸ்லி 1979-இல் ஒரு சிறுநூல் எழுதினார். அதே வட்டாரத்தைச் சேர்ந்த வில்லியம் ஹோகார்த் மெயின் தேவையில்லாததையெல்லாம் களைந்து உடம்போடு ஒட்டிய ஓர் அமைப்பை உருவாக்கினார். அவர் பெயராலேயே அது ஹோகார்த்தியன் முறை எனப்படுகிறது. அந்த அமைப்பில் ஒரு விதி உண்டு: உலோகத்தையும் உலோகத்தையும் நேரடியாகப் பிணைக்காதே. கிளிப் இறுகிப்போனாலோ எதிலாவது மாட்டிக்கொண்டாலோ, கத்தியால் அறுக்கக்கூடிய ஏதோ ஒன்று நடுவில் இருக்க வேண்டும். கீ செயின் வளையத்தால் கேஜை மாட்டியவர் கையில் எவ்வளவு நல்ல கத்தி இருந்தும் பயனில்லை.

இது குகைக்காரர்கள் கவலை, நமக்கெதற்கு என்று எண்ண வேண்டாம். மூழ்கிய கப்பல்களைச் சுற்றி மீன் கூடும், மீனைத் தேடி வலை வரும், அறுந்த வலை கப்பலிலேயே தங்கும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மெஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் ஐம்பது மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அந்த ஆழத்தில் சிக்கை நிதானமாக அவிழ்த்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது.

கட்டும் வேலை கால் மணி நேரம்தான். பின்னிய நைலான் நூல், ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிமன், அரை மீட்டர் நீளம் போதும். முறுக்கிய நூல் வேண்டாம், வெட்டிய இடத்தில் பிரிந்துவிடும். ஹோஸ் கேஜோடு சேரும் உலோகக் கழுத்தை ஒட்டிக் கிளிப்பின் கண்ணை வையுங்கள். கேஜ் சுழலும் பாகத்தின் மேல் நூல் ஏறக் கூடாது. நூலைக் கண்ணுக்குள் விட்டு ஹோஸைச் சுற்றி மூன்று நான்கு முறை கொண்டுவாருங்கள். பிறகு கண்ணுக்கும் ஹோஸுக்கும் இடையே தெரியும் நூல்களின் இடுப்பை இறுக்குவது போலக் குறுக்கே இரண்டு மூன்று சுற்று. கட்டை இறுக்கிப்பிடிப்பது இந்தக் குறுக்குச் சுற்றுதான், இதை விட்டவர்களின் கிளிப்தான் ஹோஸில் வழுக்கிக்கொண்டே இருக்கும். முடிச்சுப் போடும்போது முதலில் வலது நுனியை இடதின் மேல், அடுத்து இடது நுனியை வலதின் மேல். இரண்டு முறையும் ஒரே பக்கமாகப் போட்டால் நழுவும். நுனிகளை ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டி, லைட்டரால் இளக்கி, கரண்டிக் காம்பால் அமுக்குங்கள். விரலால் அமுக்காதீர்கள், உருகிய நைலான் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தீ ஹோஸின் ரப்பரில் படாமல் ஒரு ஈரத்துணியைச் சுற்றிவைப்பது நல்லது. ரப்பர் பள்ளம் விழும் அளவுக்கு இறுக்கவும் வேண்டாம்.

கட்டிய கிளிப்பை இடது இடுப்பில் உள்ள டி-வளையத்தில் மாட்டுங்கள். பார்க்க வேண்டுமானால் இடது கையால் கழற்றி, பார்த்து, மறுபடி மாட்டிவிட வேண்டும். கழற்றாமலே குனிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சிலர் ஹோஸை நீளமாக வைக்கிறார்கள். அந்த நீளம் பக்கவாட்டில் வளைந்து நின்று இன்னொரு சிக்குக்கு இடம் கொடுக்கும். பிளாஸ்டிக் கேபிள் டையும் எனக்கு உடன்பாடில்லை. வெயிலில் காய்ந்து முன்னறிவிப்பில்லாமல் முறியும், வெட்டிய முனை கையைக் கீறும். இழுத்தால் நீண்டு விட்டால் சுருளும் ரிட்ராக்டர்களின் ஸ்பிரிங்கில் உப்பும் மணலும் புகுந்தால் அவையும் நின்றுவிடும்.

ஆக்டோபஸுக்கு மட்டும் இதே முறையைப் பின்பற்றாதீர்கள். கேஜ் உங்களுக்கானது, அதனால் இறுகக் கட்டலாம். ஆக்டோபஸ் மற்றவருக்கானது. காற்று தீர்ந்து பதறி வருபவர் குமிழைத் தேடி இழுத்துக்கொண்டிருக்க மாட்டார், பிடித்து ஒரே இழுப்பாக இழுப்பார். அந்த இழுப்புக்கு அது கையோடு வந்துவிட வேண்டும். தாடைக்கும் விலாவுக்கும் இடையே, ரப்பர் வளையத்திலோ சிலிக்கோன் பிடியிலோ செருகி வையுங்கள். கிளிப்தான் வேண்டுமென்றால், அதையும் ஹோஸையும் ஓர் ஓ-ரிங்கால் இணையுங்கள், பலமாக இழுத்தால் அது அறுந்து வழிவிடும்.

ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் கிளிப்பை நல்ல தண்ணீரில் முக்கி, குமிழை நாலைந்து முறை இழுத்து விடுங்கள். தண்டுக்குள் உப்பு கட்டியானால் அது நகராது. நூல் பிசிறு விட்டால் அன்றே அறுத்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். அடுத்த டைவுக்கு முன்னால் வீட்டிலேயே சட்டையை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு, இடது கையால் மட்டும் பத்து முறை கழற்றி மாட்டிப் பாருங்கள். கைக்குப் பழகாமல் இருந்தால் கிளிப்பைத் திருப்பிக் கட்டிவிட்டு, பிறகு கடலுக்குப் புறப்படுங்கள்.