கூலி வரவில்லை, கல்லறை வேலை நின்றது

எகிப்து என்றாலே பிரமிடும் மம்மியும்தான் நினைவுக்கு வரும். அங்கே வேலைநிறுத்தமும் நடந்திருக்கிறது, தெரியுமா மாணவர்களே?

மன்னர் மூன்றாம் ராம்செஸ் ஆட்சியின் 29ஆம் ஆண்டு, கி.மு. 12ஆம் நூற்றாண்டு. அரச கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர்கள் டெய்ர் எல்-மெதினா கிராமத்தில் வாழ்ந்தார்கள். நாணயம் புழங்காத காலம். கோதுமையும் பார்லியும்தான் கூலி. அது வரவில்லை. பசி பொறுக்காமல் வேலையை விட்டுவிட்டு, மூன்றாம் துட்மோஸ் மன்னரின் நினைவுக் கோயிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அதிகாரிகள் கெஞ்சியும் எழவில்லை. துணி, எண்ணெய், மீன், காய்கறி எதுவுமில்லை, மன்னருக்கே எழுதுங்கள் என்றார்கள். என்ன துணிச்சல்! அவர்கள் கண்ணுக்கு மன்னர் தெய்வமாயிற்றே.

இதைப் பாப்பிரஸ் தாளில் நாள்வாரியாக எழுதியிருக்கிறார்கள். அது இத்தாலியின் டுரின் அருங்காட்சியகத்தில் உள்ளது.

பாக்கித் தானியம் வந்தது. பிறகு மீண்டும் தாமதம், மீண்டும் வேலைநிறுத்தம்.