ஷெட்டுக்குக் கரண்ட்: அப்பாவின் கணக்கு எங்கே பிழைத்தது?

இந்தக் கிழமை எபிசோட்டில் என்ர ஷெட் ஒஃபிஸுக்குக் கரண்ட் எடுத்த கதையைப் பாதியில் விட்டேன். மிச்சம் இங்கே.

லவாலில் எங்கள் வீட்டுப் பின்வளவில் ஒரு மர ஷெட் இருக்கிறது. போன ஒக்டோபரில் குளிர் தொடங்க, அப்பா தன் கறிவேப்பிலைச் சாடிகளை அதற்குள் வைத்து, 1500 வாட்ஸ் ஹீற்றர் ஒன்றையும் போட்டுவிட்டார். கரண்ட்? குசினி ஜன்னலால் 30 மீற்றர் எக்ஸ்டென்ஷன் வயர். அதுவும் மெல்லிய 16 கேஜ். அடுத்தநாள் பிளக்கைத் தொட்டேன், சுட்டது. ஒரு பக்கம் பழுப்பாகியும் இருந்தது.

"பிரேக்கர் விழேல்லத்தானே, பிறகென்ன? ஊரில 230 வோல்ட். நான் கிணத்தடி மோட்டருக்கு இதைவிட மெல்லிய வயர் இழுத்தனான். இங்க வெறும் 120 தானே!" என்றார் அப்பா.

எங்கள் அப்பாமார் கனபேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் கணக்கு மற்றப் பக்கம் போகிறது. வாட்ஸ் என்பது வோல்ட் பெருக்கல் அம்பியர். 1500 வாட்ஸுக்கு ஊரில் ஆறரை அம்பியர் போதும், இங்கே 12.5 வேண்டும். வயரின் சூடு அம்பியரின் வர்க்கத்தோடு ஏறும். அப்பா இழுத்த வயரில் சுமார் 100 வாட்ஸ் வயரிலேயே வீணாகிறது. அதே வயர், அதே வாட்ஸ், ஊரில் என்றால் 30 சொச்சம்தான். வயரைச் சுருட்டி வைத்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. பிளக் தளர்ந்திருந்தால் சூடு அந்த இடத்திலேயே குவியும்.

பிரேக்கர் ஏன் விழவில்லை? அது 15 அம்பியர் பிரேக்கர். சுவருக்குள் இருக்கும் தடித்த வயரைக் காப்பதுதான் அதன் வேலை. ஜன்னலுக்கு வெளியே என்ன தொங்குகிறது என்று அதற்குத் தெரியாது.

உங்களைக் காப்பது ஜிஎஃப்சிஐ. போன கரண்ட் முழுக்கத் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும், எங்கட செக்சம் மாதிரி. சுமார் 5 மில்லிஅம்பியர் குறைந்தாலே வெட்டிவிடும். ஈர மண்ணில் நிற்கும் ஒருவரின் உடம்பால் கரண்ட் போகும்போது இதுதான் உயிரைக் காப்பாற்றும். 15 அம்பியர் என்றால் 15,000 மில்லிஅம்பியர். பிரேக்கரை நம்பிப் பிரயோசனமில்லை.

"அப்ப நானே நல்ல வயர் தாக்கிறன்" என்று அப்பா மண்வெட்டியை எடுத்தார். ஒன்ராறியோவில் இருக்கும் சித்தப்பா தன் வீட்டில் அப்படிச் செய்யலாம், மின்பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்து, இன்ஸ்பெக்ஷனுக்கு விட்டால் சரி. கியூபெக்கில் முடியாது. சொந்த வீடென்றாலும் வயரிங் வேலையை ஆர்பிக்யூ லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன்தான் செய்யவேண்டும். லைசென்ஸ் உண்மையா என்று ஆர்பிக்யூ இணையத்தளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம்.

கிண்ட முதல் இன்ஃபோ எக்ஸ்கவேஷனுக்கு அறிவித்தோம். நிலத்துக்கடியில் காஸ், கேபிள் எங்கே ஓடுகிறது என்று அறிய இலவச வழி அது. பிறகு எலெக்ட்ரீஷியன் வந்தார். புதைப்பதற்கென்றே செய்த கேபிள், வீட்டுப் பனலில் அதற்கெனத் தனி பிரேக்கர், ஷெட்டில் ஒரு சின்னப் பனல், ஜிஎஃப்சிஐ பிளக்குகள். பழைய ஹீற்றருக்குப் பதிலாக 240 வோல்ட் ஹீற்றர் ஒன்றைச் சுவரில் பூட்டிக் கொடுத்தார். இங்கத்தைய வீடுகளில் அடுப்புக்கும் ட்ரையருக்கும் ஓடுவது அந்த 240தான். அம்பியர் பாதியாகிவிடும்.

அப்பா பனலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "பாத்தியே, கடைசியில ஊர்க் கரண்டுக்குத்தானே வந்திருக்கிறியள்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இன்றிரவு ஒரு வேலை செய்யுங்கோ: உங்கள் வீட்டு ஹீற்றர் அரை மணித்தியாலம் ஓடியபிறகு, அதை நிப்பாட்டிவிட்டுப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கோ. சுட்டால் திரும்பப் போடவேண்டாம், எங்களுக்கும் எழுதுங்கோ. அடுத்த கிழமை சந்திப்போம்.